காலியான இரண்டு பெட்டிகள்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? முதுகுவலிக்கு வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? மாமாவும் கேட்கச் சொன்னார்.

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். நேற்றுப் புத்தகக் கடையில் குழந்தைகள் பகுதியில் என் புத்தகங்களை முன்வரிசைக்கு இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். (சிரிக்காதே, எல்லா எழுத்தாளரும் செய்வதுதான்.) அப்போது 'பூட்டுக்குள் வீடு' என்று ஒரு புதுப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. எழுதியவர் பெயரே இல்லை. 'வேடிக்கை பார்த்தவர்' என்று மட்டும் போட்டிருக்கிறது. திறந்தால் என் குளவி! பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் எழுதிய அதே குளவி. தலைகீழாகத் தொங்கும் பழைய பூட்டு, வளையத்தில் கட்டிய சிவப்பு நூல், முதல் நாள் கீழே விழுந்த மூன்று மண் உருண்டை, ஒன்று பாக்கியில்லை.

திருடனுக்குக் கெட்டிக்காரத்தனம் வேறு. என் புத்தகத்தில் குளவி ஒன்பது நாளில் கூட்டை முடிக்கும், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படப்பெட்டி. இவன் அதைப் பதினொன்று ஆக்கியிருக்கிறான். நடுவே இரண்டு பெட்டிகளில் படமே கிடையாது. 'இன்று குளவி வரவில்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். கூட்டிப் போட்ட நாளுக்கு என்ன வரைவது என்று தெரியவில்லை போல!

சிவப்பு நூல் என் புத்தகத்தில் அச்சாகவே இல்லை. கையெழுத்துப் பிரதியில் மட்டும்தான் இருந்தது. அதைப் படித்தவர்கள் படம் போட்ட ஓவியரும் நீயும்தான். உன் கடைக்குப் பூட்டு ரிப்பேருக்கு நூறு பேர் வந்து போகிறார்கள். யாரிடமாவது கொடுத்தாயா? யோசித்து எழுது.

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் தேய்க்கிறேன். கடை முழுக்க வாசம், சாவி போட வந்தவங்க தும்மிட்டே நிக்கிறாங்க.

உன் காகிதம் எதையும் நான் யாருக்கும் கொடுக்கல. ஓவியரையும் சந்தேகப்படாதே, பாவம், அவர் வாயில்லாப் பூச்சி. குளவின்னா எல்லா இடத்துலயும்தான் பூட்டுல கூடு கட்டுது. உன்னைக் கேட்டுட்டா கட்டுது?

ஆமா, அந்தப் புத்தகம் நல்லா இருந்துச்சா? அதை நீ சொல்லவே இல்லையே.

உன் தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். புத்தகம் நன்றாக இருந்ததா என்று கேட்கிறாயே! வீட்டில் களவு போய்விட்டதென்று நான் அழுகிறேன், நீ திருடன் சாப்பிட்டானா என்று விசாரிக்கிறாய்.

ஓவியரிடம் பேசினேன். அவருக்குச் சிவப்பு நூல் ஞாபகமே இல்லை. பிறகு அந்தப் பதிப்பகத்தின் முகவரியைப் பார்த்தேன். உன் கடையிலிருந்து இரண்டாவது தெரு. போன மாதம் நான் வந்தபோது ஏதோ காகிதத்தை அவசரமாக டிராயருக்குள் தள்ளிப் பூட்டினாய். பூட்டுக்காரன் பூட்டுவதில் என்ன அதிசயம் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். இப்போது உறுத்துகிறது.

பதிப்பகத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன். விற்பனையை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். இருபத்திரண்டு புத்தகம் எழுதியவள் நான். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள், "நெஜமாவே நீங்க பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்பேன். அந்தப் பேச்சு போய்விட்டால் எனக்கென்று வேறு என்னடா இருக்கிறது?

அம்மா மேல் சத்தியமாகச் சொல். நீயா?

அக்கா

ஜூன் 24

அக்கா,

நான்தான்.

ஆனா திருடல. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்தக் குளவியைப் பார்த்தது யாரு? மத்த பூட்டோட கலந்துடக் கூடாதுன்னு சிவப்பு நூல் கட்டினது யாரு? கடை பில் காகிதத்துல, பின்பக்கம், ஒவ்வொரு நாளா எழுதி உனக்குத் தபால்ல போட்டேனே, மறந்துட்டியா? மொத்தம் பதினொரு நாள். அஞ்சாம் நாளும் ஆறாம் நாளும் மழை. குளவி வரல. வந்துடுமோன்னு நான் நனைஞ்சுட்டே உட்கார்ந்திருந்தேன். நீ போன்ல என்ன சொன்னே தெரியுமா? "ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்பது பெட்டிதான்டா அடங்கும். ஒண்ணுமே நடக்காத நாள் எதுக்கு? தூக்கிடறேன்."

சரின்னு விட்டேன். அக்கா படிச்சவ, அவளுக்குத் தெரியும்னு. உன் நத்தைப் புத்தகமும் எறும்புப் புத்தகமும்கூட நான் பார்த்துச் சொன்னதுதான், அதெல்லாம் நான் கேக்கல. இந்த ரெண்டு நாள் மட்டும் மனசுல குத்திட்டே இருந்துச்சு. பதிப்பகத்து அம்மா சாவியைத் தொலைச்சுட்டு கடைக்கு வந்தாங்க. பேச்சுவாக்குல சொன்னேன், எழுதிக் கொடுங்கன்னாங்க. உன்கிட்ட மறைச்சது தப்புதான். சொன்னா, "கொடு, திருத்தித் தர்றேன்"னு வாங்கிட்டுப் போயிடுவியோன்னு பயம். பேர் போடாததும் உன் மானத்துக்காகத்தான்.

நேத்து புத்தகத்தை நிறுத்திட்டாங்க. அந்தம்மா என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறாங்க.

தம்பி

ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்ததும் கொதித்துப் போனேன். பொய் சொல்கிறான், என் பழைய காகிதங்களைக் காட்டியே வாயை அடைக்கிறேன் என்று பரணில் இருந்த பெட்டிகளையெல்லாம் கொட்டித் தேடினேன். மாமா எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

கிடைத்தது. பதினொரு பில் காகிதம், உன் கோழிக் கிறுக்கல். ஐந்தாவதில் 'மழை. வரல.' ஆறாவதில் 'இன்னிக்கும் வரல. நாளைக்கு வரும்.' இரண்டின் மேலும் குறுக்கே ஒரு கோடு. என் கை போட்ட கோடு.

நான் வேண்டுமென்று புளுகவில்லையடா, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அந்த ஸ்டூலில் நானே உட்கார்ந்திருந்ததாக ஆகிப் போயிற்று. முதுகு வலித்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது!

பதிப்பகத்துக்கு இன்று எழுதிவிட்டேன். பார்த்தவன் என் தம்பி, பதினொரு நாள்தான் சரி, ஒன்பது என்று எழுதியது என் தவறு என்று. என் பதிப்பாளருக்கும் ஒரு நகல் போகிறது. நத்தைக்கும் எறும்புக்கும் உன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். இனி என்னைப் பள்ளிக்கூடங்களுக்குக் கூப்பிடுவார்களோ, மாட்டார்களோ. அந்தம்மா உன் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வரட்டுமா?

உன் அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தம்மா அவங்களே கடைக்கு வந்தாங்க. உன் கடிதத்தைக் காட்டினாங்க. புத்தகம் திரும்பவும் விற்பனைக்குப் போயிடுச்சு.

ஆனா எனக்குக் கோபம் போகல. போயிடுச்சுன்னு சொன்னா அது பொய். "நீயா?"ன்னு கேட்டதுகூடப் பரவாயில்ல. என்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே புகாரைப் போட்டியே, அதுதான் ஆறமாட்டேங்குது.

ஞாயித்துக்கிழமை வா, மாமாவையும் கூட்டிட்டு வா. சாப்பாடு இங்கேதான். கடை ஜன்னல் ஓரமா புதுசா ஒரு பூச்சி வந்து என்னமோ பண்ணிட்டிருக்கு, என்னன்னு எனக்கே இன்னும் புரியல. உனக்கும் ஒரு ஸ்டூல் போடறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்கார்ந்து பாரு.

நோட்டு, பேனா மட்டும் எடுத்துட்டு வராதே.

தம்பி