பச்சைப் பேனாவில் போட்ட சரி

அக்கா,

இன்று கிளினிக்கில் என் மானம் போய்விட்டது. மகனின் வளர்ச்சி அட்டையைப் புரட்டிய மிட்வைஃப் மிஸ்ஸி, ‘சத்தம் வரும் பக்கம் திரும்புகிறது’ என்று வீட்டார் பார்த்துச் சரி போடவேண்டிய வரியில் விரலை வைத்து, "இதுக்கு பச்சையில சரி போட்டது யாரு?" என்று கேட்டார்.

"பொண்டாட்டிதாங்க மிஸ்ஸி."

அவள் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். "என்கிட்ட ஏதுங்க பச்சைப் பேனா?" என்றாள். நான் வேலை செய்யும் பண்டாரவளைக் கடையில் மரக்கறி மூட்டைக்கு அடையாளம் போடும் அந்தப் பேனா, என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சரி, உங்கள் மேல் வந்த கோபத்தில் போட்டது. அப்போது அவனுக்கு ஏழு மாதம். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன தாய்மாருடைய பிள்ளைகளைப் புள்ளக்காம்பராவில் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். அவனைத் தூக்க வந்த என்னை நிறுத்திவைத்து, தகரத் தட்டைத் தட்டிக் காட்டினீர்கள். பாயில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பின, ஒன்று வீறிட்டது. இவன் தன் கால் பெருவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"பயமில்லாத புள்ள, அக்கா. அப்பன் மாதிரி" என்றேன்.

"அப்பனப் பத்தி எனக்குத் தெரியாதா? காட்டுப்பன்னியக் கண்டா மூணு லயத்துக்குக் கேக்கக் கத்துற ஆளு." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "வெளையாட்டில்ல தம்பி. பதுளை பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றீர்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் சரி போடத் தெரியுமே! அன்று சாயங்காலமே போட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம், பிள்ளையை வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன மாதம் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. உங்களை எடுத்த அன்று, கூரைத் தகரம் அதிர மேளம் அடித்தார்கள். நீங்கள் வளர்த்த பிள்ளைகள் எல்லாம் அலறின. என் மகன் என் தோளில் அயர்ந்து தூங்கினான்.

"தங்கமான புள்ள, சிணுங்கக்கூட இல்ல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான்தான் அழுதேன். உங்களுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்குப் பிறகும் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மிஸ்ஸி இன்று பதுளைக்குக் கடிதம் கொடுத்தார். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் லயத்து வீடு வரைக்கும், என் தோளில் கிடந்தவனுக்குப் பின்னாலேயே மனைவி நடந்து வந்தாள். கை தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள், திரும்பவும் தட்டினாள். அவன் திரும்பவில்லை. திரும்பி அவளைப் பார்க்க என்னாலும் முடியவில்லை.

புள்ளக்காம்பரா வாசலில் நின்றுவிட்டாள். "நாள் முழுக்க அந்தக்கா மடியிலதானே கெடந்தான்? அவங்ககூட கவனிக்கலியே" என்றாள்.

கவனிச்சாங்க. என்கிட்டதான் சொன்னாங்க.

தொண்டை வரைக்கும் வந்தது, அக்கா.