பெரியசாமியைத் தெரியாது என்றேன்

என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இன்று எனக்கு விடுமுறை. துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில், துணிகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. போனிலும் "சாப்டீங்களாப்பா, மருந்து எடுத்தீங்களா" என்பதோடு சரி. இப்போது எழுதுவது, உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்வதற்காக.

முதலில் நல்ல செய்தி. அத்தை இருக்கிறார். உங்கள் தங்கச்சி லெட்சுமி. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடொன்றில் மகனோடு இருக்கிறார். முழங்கால் வலி ஒன்றுதான் குறை. கூலாயில் நம் வீட்டுக்கு வந்து உங்கள் படத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இனி கெட்ட செய்தி. நீங்கள் உயிரோடு இருந்தபோதே அவர் கிடைத்துவிட்டார் அப்பா. நான்தான் சொல்லவில்லை.

இதை அச்சில் படிக்கப்போகிறவர்களுக்கு உங்கள் கதை தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் பிறந்தது சிங்கப்பூரில், செம்பவாங் பக்கம். தாத்தா வெள்ளைக்காரன் கப்பல் தளத்தில் கூலி. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நாடாக இருந்த அந்த இரண்டு வருடத்தில், பிழைப்புக்காகப் பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வந்தீர்கள். கூலாய் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினீர்கள். மாதம் ஒரு தரம் பஸ் ஏறிப் போய் அம்மாவையும் தங்கச்சியையும் பார்த்துவிட்டு வருவீர்கள். ரேடியோவில் பிரிவினைச் செய்தி சொன்ன நாளை நீங்கள் எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

"பால் நிறுக்கிற கொட்டாயில நின்னுக்கிட்டு இருந்தோம்யா. கணக்கு எழுதுற கிராணிதான் வந்து சொன்னாரு, சிங்கப்பூரு தனியா போயிருச்சின்னு. எனக்கு ஒன்னும் வெளங்கல. அப்ப நான் எந்த ஊர்க்காரன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

சிரித்தவர்களுக்குப் பதில் தெரிந்திருக்காது. பிறகு பாலத்தில் பாஸ்போர்ட் கேட்க ஆரம்பித்தார்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ் அந்தப் பக்கம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. பாட்டி இறந்து, குடியிருப்பும் காலியானபோது அந்தப் பெட்டி போன இடம் தெரியவில்லை. அத்தையை யாரோ சொந்தக்காரர்கள் கூட்டிப் போனார்கள். நீங்கள் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. உங்கள் கையில் மிஞ்சியது சிவப்பு அடையாள அட்டை. குடியிருக்கலாம், குடிமகன் இல்லை. அதை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் எடுக்க முடியாது. நீ அங்கே பிறந்தவன் என்று மலேசியா சொன்னது. நீ அங்கே இருக்கிறவன் என்று சிங்கப்பூர் சொன்னது.

தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியது, பிறகு வீடமைப்புத் திட்டமாக மாறியது. நாம் குடியிருந்த லய வீடுகளை இடித்தார்கள். அதற்குப் பிறகு உங்களைத் தேடி வந்தவர்களுக்கும் தோட்டம் இல்லை, ஆட்களும் இல்லை. அத்தை அனுப்பிய ஆள் அப்படி ஒரு தரம் வந்து, புது வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அப்போது நமக்கு அது தெரியாது.

நான் துபாய்க்கு வந்த பிறகு, லீவில் வரும்போதெல்லாம் கேட்பீர்கள். "ஒன் போன்ல எல்லாம் வருதாமே, தங்கச்சியத் தேடிப் பாரேன்யா." சரிப்பா என்பேன். ஒரு நாள்கூட உட்கார்ந்து தேடியதில்லை.

இங்கே எனக்கு அல் கூஸில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. எனக்குக் கீழே மூட்டை இறக்குகிறவர்கள் பலர் நம் ஆட்கள். ராமநாதபுரம், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வந்து கேம்பில் இருப்பவர்கள். மலேசியாவில் பிறந்ததால் எனக்குக் கிடைத்த அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருப்பதால் ஆபீஸில் என்னை வேறு தட்டில் வைத்திருந்தார்கள். அந்தத் தட்டிலிருந்து இறங்க எனக்கு மனமில்லை. சேர்ந்த புதிதில் மேலாளர் உங்களைப் பற்றிக் கேட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று சொல்லிவைத்தேன். செம்பனைக் குலை வெட்டியவர் என்று சொல்ல வாய் வரவில்லை.

போன வருடம் குளிர்பதன இயந்திரத்தைச் சோதிக்க சிங்கப்பூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். பெயர் ரவி. நம் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மேலாளரின் அறையில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, ஜொகூர்ல எங்க?"

"கூலாய் பக்கம்."

"அட, எங்க மாமா ஒருத்தரு கூலாய்லதான் தோட்டத்துல இருந்தாரு. அம்மாவோட சொந்த அண்ணன். பேரு பெரியசாமி. செம்பவாங்ல பொறந்தவரு. எடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும், சின்னப் புள்ளையில அம்மா டின் மூடிய விட்டு எறிஞ்சதாம். இன்னிக்கும் சொல்லிச் சொல்லி அழுவாங்க. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அது உங்கள் புருவம் அப்பா. என்ன பேசுகிறோம் என்று தமிழ் தெரியாத மேலாளர் கேட்டார். தோட்டத் தொழிலாளியான தன் மாமாவைத் தேடுவதாக ரவி ஆங்கிலத்தில் சொன்னார். மேலாளர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டி, "இவருடைய அப்பா தலைமையாசிரியர், ஊரில் எல்லாரையும் தெரிந்திருக்கும்" என்றார்.

ஒரு சொல் போதும் அப்பா. அவர் என் அப்பா என்று சொன்னால் முடிந்தது. அத்தை மகன் என் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க. அந்தப் பேர்ல யாரையும் தெரியாது" என்றேன்.

ரவி தன் கார்டைக் கொடுத்தார். "ஊருக்குப் போனா கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்கண்ணே. அம்மாவுக்கு வயசாயிருச்சி." மேசை இழுப்பறையில் போட்டேன். அவர் போனதும் போனில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கூப்பிட்டால், அன்றைக்கு ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்பாரே? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அன்று மாலை நீங்கள் போன் செய்தீர்கள். என்ன விசேஷம் என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை, வேலைதான் என்றேன். நினைவிருக்கிறதா?

அதற்குப் பிறகு ஆறு வாரம்தான். மார்வலி என்று என் தங்கச்சி செல்வி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். நான் விமானம் பிடித்து வந்தபோது உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டும்போது அந்தப் புருவத் தழும்பில் என் கை பட்டது. கதறி அழுதேன். பாசக்காரப் பிள்ளை என்று ஊர் பேசியது.

பதினாறாம் நாள் முடிந்து துபாய் திரும்பியதும் அந்தக் கார்டை எடுத்து ரவிக்கு போன் செய்தேன். உண்மையைச் சொல்லவா செய்தேன்? "இப்பதான் தெரிய வந்துச்சி, எங்கப்பாதான் உங்க மாமா. என்கிட்ட வேற பேர் சொல்லி வச்சிருந்தாரு" என்றேன். செத்துப்போன உங்கள் மேலேயே பழியைப் போட்டேன்.

அத்தை மறுவாரமே பாலத்தைத் தாண்டி நம் வீட்டுக்கு வந்தார். நானும் மூன்று நாள் லீவு எடுத்துப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் கேட்ட முதல் கேள்வி, "இவ்ளோ கிட்டவா?" என்பதுதான். "பஸ்ஸு ஏறி ஒக்காந்து ஒரு தூக்கம்கூடப் போடல, அதுக்குள்ள வந்திருச்சே. இதுக்கா இத்தன வருசம்?" செல்வி அவரைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ விசாரிச்சதாலதான் ஐயா அண்ணன் மொகத்தப் படத்துலயாச்சும் பாத்தேன். நீ நல்லா இருக்கணும்." கையை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் துணிவில்லை. அந்த ஆசீர்வாதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இங்கே என் அறைக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் ஜாகிர் பாயிடம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, "இத எங்கிட்ட சொல்லி என்ன தம்பி? நான் மன்னிச்சா ஆச்சா? கேக்க வேண்டிய ஆளு உசுரோட இருக்குல்ல" என்றார்.

பொய் தொடங்கிய இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று மறுநாள் மேலாளரின் அறைக்குப் போனேன். என் அப்பா தலைமையாசிரியர் இல்லை, கூலித் தொழிலாளி, ரவி தேடியது அவரைத்தான் என்றேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "அப்படியா, வருந்துகிறேன்" என்றார். உடனே, "அந்த மீன் கண்டெய்னர் வந்துவிட்டதா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அப்பா. உங்களையும் அத்தையையும் பலிகொடுத்து நான் காப்பாற்றிய பொய், அந்த மனிதருக்கு ஒரு நிமிடப் பேச்சுக்குக்கூடப் பெறவில்லை.

தினமும் அஜ்மானிலிருந்து ஷார்ஜாவைக் கடந்து துபாய்க்குப் போகிறேன். மூன்று அமீரகம், ஒரே பஸ், யாரும் எந்த அட்டையும் கேட்பதில்லை. உங்களையும் அத்தையையும் பிரித்தது இரண்டு அரசாங்கங்கள் என்றுதான் இத்தனை காலம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசாங்கம் பிரித்தது உண்மைதான். ஆனால் கடைசி ஆறு வாரம் பிரித்தது நான். அதற்கு எந்த நாட்டின் மேல் பழி போடுவேன்?

தீபாவளி லீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அத்தைக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும் என்று ரவி சொன்னார். இந்தக் கடிதத்தை அச்சில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. பாலத்தைத் தாண்டிப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, ரவியையும் கூட வைத்துக்கொண்டு என் வாயால் சொல்வேன். அதற்குப் பிறகுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புவேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்ட கையை அவர் தட்டிவிட்டாலும் சரி, நீங்கள் கடைசி வரைக்கும் அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து வருவேன்.

இப்படிக்கு,
கூலாய் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிய பெரியசாமியின் மகன்,
சந்திரன்