செம்மண்டலத்தில் ஒரு சீமை வீடு

செம்மண்டலம், கடலூர்
22.2.2025

அன்பு ஜெனிட்டாவுக்கு,

போனில் பேசினால் நாலாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் நீ, "இந்த வூட்ட வுட்டு வரவே மனசு வரல மாமா" என்றாய். சரி, அந்த வீட்டையே நம் மனையில் கட்டிவிடுவது என்று முடிவுசெய்தேன். நீ அனுப்பிய படத்தில் இருப்பதுபோலவே செங்குத்தான ஓட்டுக் கூரை, முன்னால் முக்கோணச் சுவர், மேலே இரண்டு புகைபோக்கி. சுவர் எழும்பி, முன்பக்க முக்கோணமும் நின்றுவிட்டது. சிதம்பரத்திலிருந்து உன் அம்மா வந்து பார்த்து, "இன்னா மாப்ள, மாதா கோயில் கட்டறீங்களா?" என்றார். மேஸ்திரி சிங்காரம் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். நீ ஜன்னல், கதவு வேலைப்பாடெல்லாம் படம் எடுத்து அனுப்பு.

உன் கணவன்,
ஜெபஸ்டின்

இங்கிலாந்து
9.3.2025

என் அன்பு மாமாவுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அன்றைக்கு வெளியே பனி கொட்டியது. முதியோர் இல்லத்துக்கு வேலைக்குக் கிளம்ப மனசு வரவில்லை என்றுதான் சொன்னேன். அதற்காக ஒரு வீட்டையே கட்டுவீர்களா?

இது விக்டோரியா ராணி காலத்தில் ஒரு ஜமீன்தார் தன் பண்ணையாட்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. எங்கள் இல்லத்துக்காரர்கள் நர்சுகளுக்காக வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கூரை விளிம்பெல்லாம் மரத்தில் பூவேலை, ஜன்னலில் டைமண்ட் டைமண்டாகக் கண்ணாடி. எல்லாம் சாரட்டில் போகிற துரைமார் பார்த்து மெச்சிக்கொள்ளத்தான். வாசற்கதவைக்கூடப் பக்கவாட்டில் வைத்திருக்கிறார்கள். பண்ணைப் பெண்கள் வாசலில் நின்று பேசுவது துரைமார் கண்ணில் படக் கூடாதாம்! உள்ளே பகலிலும் லைட் போட வேண்டும். மாடியில் படுத்து எழுந்தால் கூரை மண்டையில் இடிக்கிறது. கடலூர் வெயிலில் இதற்குள் இருந்தால் வெந்துபோவோம். நிறுத்துங்கள் மாமா.

உங்கள் மனைவி,
ஜெனிட்டா

செம்மண்டலம்
24.3.2025

அன்பு ஜெனிட்டாவுக்கு,

நிறுத்திவிட்டேன். முக்கோணச் சுவரை இறக்கியாகிவிட்டது. மொட்டை மாடிதான் என்றதும் சிங்காரத்துக்கு ஏக சந்தோஷம்.

ஆனால் ஜெனி, நான் முட்டாள் இல்லை. இந்த ஊரில் புகைபோக்கி எதற்கு என்று எனக்குத் தெரியாதா? போனில் கம்பி, சிமெண்ட் என்று எதையாவது பேசிச் சண்டையில் முடிப்பேன். கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வராது. வரமாட்டேன் என்று நீ சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். உன் ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது. நீ வருவாயா? எதுவானாலும் மறைக்காமல் எழுது. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

ஜெபஸ்டின்

இங்கிலாந்து
8.4.2025

என் அன்பு மாமாவுக்கு,

மறைக்க வேண்டாம் என்றீர்கள். பனி என்று சொன்னது பாதிதான் உண்மை. இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லி இல்லத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். டிசம்பரிலிருந்து அது என் மேஜைமேல்தான் கிடந்தது. நீங்கள் ஒருதரம்கூட "எப்ப வர்ற?" என்று கேட்டதில்லை. நான் இல்லாமலே நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்து அழுதிருக்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, கையெழுத்துப் போடாமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் மூன்றாம் தேதி காலை சென்னையில் இறங்குகிறேன். வேன் பிடித்துச் சொந்தக்காரர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அம்மாவிடம்கூட நாலாம் தேதி என்றே சொல்லிவையுங்கள். அந்த ஒருநாள் நான் உங்களை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

உங்கள்,
ஜெனி