உன் சித்தப்பா கொண்டுவந்த அமெரிக்கப் பந்து

விருதுநகர்,
18.1.1969

அன்பு மகள் ஜெயசீலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்காக. உள்ளதைச் சொன்னால் கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது, அதை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது.

போன ஜூனில் லீவுக்கு வந்த உன் ஆஸ்பத்திரித் தோழியிடம் இரண்டு மரமட்டையும் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் பந்தும் கொடுத்தனுப்பினாய் அல்லவா. கூடவே நாலு பக்கம் எழுதியிருந்தாய். நீ இருக்கும் சியாட்டிலுக்கு எதிரே ஒரு தீவில் பிள்ளைகள் பொழுது போகவில்லை என்று நச்சரித்தார்களாம், இறகுப்பந்து ஆடச் சாமான் அகப்படாமல் பெரியவர்கள் கையில் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டையையும் இந்த மாதிரிப் பந்தையும் வைத்து ஆரம்பித்தார்களாம், அதற்குப் பிக்கிள்பால் என்று பெயராம், அது வீட்டு நாயின் பெயர் என்று ஒருவரும் படகுப் போட்டியிலிருந்து வந்த பெயர் என்று ஒருவரும் வாதாடுகிறார்களாம். நாலு வயசுகூட ஆகாத விளையாட்டுக்கு அதற்குள் இரண்டு பிறப்புக் கதையா என்று அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. இங்கே அது வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் உன் ராஜசிங் சித்தப்பா அதற்குத் தகப்பனாகிவிட்டார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா டிரில் மாஸ்டர் அல்லவா, மட்டையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு 'இது சின்னப்பிள்ளைக வெளாட்டு' என்று பீரோ மேல் போட்டுவிட்டார். ஒரு சனிக்கிழமை நானும் தையல் டீச்சர் பொன்னுத்தங்கமும் அதை எடுத்துக்கொண்டு, சர்ச் காம்பவுண்டில் ஆண்கள் பூப்பந்து ஆடும் தரைக்குப் போனோம். அவர்கள் கடையடைத்து வருவதற்கு நேரம் இருந்தது. வலையை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினோம். கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் கீழிருந்து அடித்து ஆரம்பித்தால் போதும் என்று எழுதியிருந்தாயே, சேலை கட்டியவர்களுக்கென்றே யாரோ யோசித்து வைத்த மாதிரி இருந்தது. வலையை ஒட்டின கட்டத்துக்குள் நின்றுகொண்டு, பந்து தரையில் படுமுன் அறையக் கூடாது என்ற சட்டத்துக்கும் சுண்ணாம்பில் கோடு போட்டுக் காத்தோம். சீலி, நான் பெரியமனுஷியான அன்றைக்கு என் கையிலிருந்த பாண்டிச்சில்லைப் பிடுங்கி எறிந்தார்கள். அதற்கப்புறம் இந்தக் கால் அடுப்படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்ததோடு சரி. ஐம்பது வயசில் ஓடினேன். மூச்சு வாங்க ஓடி, வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்கு எழுதக்கூட வெட்கப்பட்டேன். எங்கள் சத்தம் கேட்டுப் பின்தெருவில் தீப்பெட்டி ஒட்டும் அய்யம்மாள் எட்டிப் பார்த்தாள், மறுநாள் அவளும் ஆடினாள், அவள் புருஷன் தீப்பெட்டி பண்டல் கட்டும் மரப்பெட்டிப் பலகையை அறுத்து இன்னும் இரண்டு மட்டை செய்து கொடுத்தான். பிறகு நர்சுகள் டூட்டி முடிந்து நேரே வர ஆரம்பித்தார்கள். தீபாவளி சீசனுக்குள் எங்கள் முறை வருவதற்கு நாங்களே காத்துக் கிடக்கவேண்டியதாயிற்று.

பொறுக்குமா. சித்தப்பா இப்போது சபைக் கமிட்டிச் செயலாளர். வத்தல் மண்டியில் உட்கார்ந்தபடியே அவருக்கு ஊர் மானம் தெரியும். 'ஆலயத்து முன்னால பொம்பளையாளுக இப்படிக் குதிச்சா சபைக்கு என்ன மரியாதை இருக்கு, அதுலயும் தீப்பெட்டிக்காரிகளைச் சேத்துக்கிட்டு' என்று கமிட்டியில் பேசி, பெண்கள் அங்கே விளையாடக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார். உன் அப்பாவும் அந்தக் கமிட்டியில் இருக்கிறார். வாயே திறக்கவில்லை. கேட்டால் 'கமிட்டி முடிவு, நான் ஒருத்தன் என்ன செய்ய' என்கிறார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அத்தனை பேரையும் ஒரு விசிலில் நிறுத்துகிற மனுஷனுக்குக் கூடப்பிறந்த தம்பி முன்னால் குரல் எழும்பவில்லை. அதோடு விட்டிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், பீரோ மேல் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. 'சும்மா ஆடிப் பாக்கணும்னு ராஜசிங் கேட்டான், கொடுத்தேன்' என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? பூப்பந்துக்கு ஓட முடியாத தொந்திக்காரர்களுக்கெல்லாம் இது வாகாக அமைந்துவிட்டது, அன்றிலிருந்து தினமும் அவர்கள்தான். ஆலயத்து முன்னால் ஆண்கள் குதித்தால் மரியாதை குறையாது போலிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போட்டி என்று சிவகாசியில் மூன்று கலரில் நோட்டீஸ் போட்டார்கள். தம்பி வேலை பார்க்கும் அச்சாபீசில்தான் அடித்தார்கள், அவன்தான் முதலில் கொண்டுவந்து காட்டினான். 'செயலாளர் திரு. ராஜசிங் அவர்கள் நம் நகருக்கு அறிமுகப்படுத்திய அமெரிக்கப் பந்து.' பிக்கிள் என்றால் ஊறுகாய் அல்லவா, அந்தப் பெயரைப் போட்டால் கௌரவக் குறைச்சலாம். அடியில், 'பெண்கள் சங்கத்தார் வடை, காபி வழங்குவர்.' நான் வடை சுடவில்லை. பொன்னுத்தங்கம் சுட்டாள், அவளுக்கு வீட்டில் மாமியார் இருக்கிறாள். போட்டியன்று வலைப் பக்கத்துக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா 'இது பொம்பளைகளுக்கு வச்ச சட்டம்லே' என்று செருப்புக் காலால் தேய்த்து அழித்தார். பிறகு வலையில் நெஞ்சை முட்டிக்கொண்டு நின்று ஓங்கி ஓங்கி அறைந்தார். முதல் ஆட்டம் முடியுமுன் பந்து இரண்டாகப் பிளந்தது. நாங்கள் மாசக்கணக்கில் ஆடியும் ஒரு கீறல் விழாத பந்து. ஐயோ பாவம் என்று ஒருத்தரும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து உன் அப்பா, 'சீலிக்கு எழுது, ஒரு டஜன் பந்து அனுப்பட்டும், ராஜசிங் கேக்கான்' என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரசச் சட்டியைத் தரையில் போட்டிருப்பேன். நேற்று அய்யம்மாள் வந்தாள், உள்ளே வா என்றாலும் வராமல் வாசலில் நின்றே பேசினாள். 'இன்னொரு பந்து மட்டும் வரட்டும் டீச்சர், எங்க தெருவுல தீக்குச்சி காயப்போடுற களம் கிடக்கு, சாயங்காலம் குச்சியை வாரிட்டா சும்மாதான கிடக்கு, அங்கன எந்தக் கமிட்டி வரப்போகுது' என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டீச்சரம்மா தீப்பெட்டிக்காரிகளோடு களத்தில் ஆடுகிறாள் என்று பேசுவார்கள், பேசட்டும்.

ஆகவே மகளே, டஜன் வேண்டாம், ஒரே ஒரு பந்து அனுப்பு. அதிலும் அப்பா பெயரைப் போடாதே. இந்த வீட்டுக்கு வருகிற தபால் எல்லாம் அப்பா பெயருக்குத்தான் வருகிறது, உன் கடிதமும்கூட, அதை நான் இதுவரை குறையாக நினைத்ததில்லை. இதை மட்டும் பாக்கியவதி டீச்சர் என்று எழுதிப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பு. சித்தப்பா எழுதினால் மரியாதையாக நலம் விசாரித்துப் பதில் போடு, பந்தைப் பற்றி மூச்சு விடாதே. நைட் டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. நீ போகிற இடமெல்லாம் கர்த்தர் துணையிருந்து உனக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வார். மறக்காதே, என் பெயருக்கு. ஒட்டுவதற்கு முன் வழக்கம்போல் அப்பா இந்தக் கடிதத்தை வாங்கிப் படிப்பார். படிக்கட்டும். கண்ணாடி இல்லாமலே தெரியவேண்டும் என்றுதான் எழுத்தை இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
பாக்கியவதி