கேமரா கேட்ட வருகை

சார்,

மழை விடுமுறைக்கு ஈடாக நாளை முதல் ஆன்லைன் வகுப்பு என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. ஹெட்போன் தேடி மேசை இழுப்பறையைத் துழாவியபோது கைக்கு வந்தது உங்களுடையது. காதுப் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. நீங்கள் போய் மூன்று வருடமாகியும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

கொரோனாவில் மாணவர்களுக்குக் கல்லூரி மூடிக் கிடந்த மாதங்களில் நாம் இருவரும் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசையிலிருந்து ஆன்லைனில் பாடம் நடத்தினோம். கேமராவில் முகம் தெரிந்தால்தான் வருகை என்பது நிர்வாகத்தின் விதி. கல்வராயன் மலையில் அதற்கு டவர் ஏது? நீங்கள் ஒரு வழி கண்டீர்கள். உங்கள் வகுப்பின் மலைப் பிள்ளைகள் ஐந்து பேரும் வகுப்பு நேரத்துக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். நீங்கள் திரும்ப அழைத்து, எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்து, செல்போனை ஸ்பீக்கரில் போட்டு லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொள்வீர்கள். பதிவேட்டில் அவர்களுக்கும் வருகை போடுவீர்கள்.

“பாறை மேல ஏறிக்கினு இருக்கேன் சார், ஒரு நிமிசம்” என்று மூச்சு வாங்கச் சொல்வாள் பூங்கொடி. கேள்விக்கு முதல் பதிலும் அவளுடையதுதான்.

வருகையைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. உங்கள் பதிவேடும், கேமராவில் தெரிந்த முகங்களை மட்டும் எண்ணிய சாப்ட்வேர் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பக்கத்து மேசைதானே! நமக்கு எதற்கு வம்பு என்று பயந்து சாப்ட்வேர் பட்டியலையே மேலே அனுப்பிவிட்டேன். வருகை போதாதென்று ஐந்து பேருக்கும் தேர்வு எழுத அனுமதியில்லை என்றார்கள்.

“இன்னா மேடம் இது? குரல் கேக்குதுல்ல, அப்புறம் மூஞ்சி எதுக்கு?” என்று சத்தம் போட்டீர்கள். ஒரு வாரம் முதல்வர் அறை வாசலில் நின்றீர்கள். நடக்கவில்லை. நாலு பேர் அடுத்த பருவத்தில் எழுதினார்கள். பூங்கொடி மட்டும் வரவில்லை, பெற்றோருடன் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விட்டாள். அடுத்த வருடம் நெஞ்சுவலியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

புதுச் சுற்றறிக்கையிலும் அதே விதிதான், சார். இன்று முதல்வரிடம் பேசத்தான் போனேன். “ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்” என்றார். “சரிங்க சார்” என்று திரும்பிவிட்டேன். இந்த வருடம் என் வகுப்பில் மலையிலிருந்து மூன்று பேர். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உங்கள் துணிச்சல் எனக்கு வரவே இல்லை. என்னிடம் மிச்சமிருப்பது, பூங்கொடி கடைசியாக எனக்குப் போன் செய்து கேட்டது மட்டும்தான்.

“மேடம், நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. நான் பேசனது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?”

தினமும் கேட்டது, சார். “டவர் சரியில்லம்மா, அப்புறம் பேசு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.