துவைக்காத போர்வை

என் செல்லப் பாப்பாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாற்பதை நெருங்குகிறவளை இன்னும் பாப்பா என்கிறாரே என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். இங்கே நான் நலம், முழங்காலைச் சேர்க்காமல். அங்கே நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட எல்லாவற்றிலும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுகிற வேகத்துக்குச் சரிம்மா, சரிம்மா என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், வீட்டை விற்றுவிட்டு ஒரேயடியாக உன்னோடு வந்துவிடச் சொன்னாய், நானும் சரி என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. அந்தச் சரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் நாய்க் காப்பகத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் உனக்குப் புரியாது.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் நாய்க் காப்பகத்து வண்டியை ஓட்டப் போனது உனக்குத் தெரியும். உட்கார்ந்து ஓட்டுகிற வேலைதானே என்று நம்பிப் போனேன். இப்போது ஓட்டுவது பாதி, தூக்குவது பாதி, கழுவுவது பாதி, அது எப்படி மூன்று பாதி என்று கேட்காதே, இந்த இடத்துக் கணக்கே அப்படித்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் கையிலிருந்து பினாயில் வாசனை போவதில்லை, சாப்பிடும்போதும் அதுவேதான். காலையில் கேட்டைத் திறந்தால் அட்டைப்பெட்டியில் குட்டிகள், யார் வைத்தார்களோ தெரியாது. போன வாரம் ஒருவர் காரில் வந்து, வீடு மாறுறோம், புது இடத்துல நாய் வெச்சிக்க விட மாட்டாங்க, நல்லா பாத்துக்குவீங்கல்ல என்று கயிற்றை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்த நாய் மட்டும் கார் போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா பாவம், கூண்டுகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இனிமே இடமில்லன்னு சொல்லக்கூட எனக்குத் தெம்பில்ல, நீங்களே சொல்லிடுங்கண்ணே என்கிறாள். எனக்கு மட்டும் வாய் வருகிறதா என்ன. ஒன்றை அனுப்பிவிட்டுத் திரும்பினால் மூன்று வந்து நிற்கிறது. அலுத்துவிட்டதம்மா, உன்னிடம் சொல்வதற்கென்ன.

நாயைத் தத்து கேட்கிறவர்களின் வீட்டை முன்னதாகப் போய்ப் பார்த்து வருகிற வேலையும் என் தலையில்தான். பெண்ணைக் கொடுக்கப்போகிற சம்பந்தி மாதிரி நானும் மிடுக்காகப் போய் உட்காருவேன். வீடு பெரிதா சிறிதா என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், எங்கே படுக்கும், வாசல் அதன் கண்ணுக்குத் தெரியுமா, நீங்கள் வெளியூர் போனால் யாரிடம் விடுவீர்கள், இவ்வளவுதான் கேட்பேன். பளிங்குத் தரை போட்ட மாளிகையில் கால் வழுக்கி நடக்கப் பயந்து மூலையிலேயே கிடந்து இளைத்துப்போன நாயையும் பார்த்திருக்கிறேன், ஒற்றை அறையில் ஜம்மென்று கொழுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் காப்பகத்தில் ஒரு கிழவன் இருந்தான், ஒரு காது கிழிந்தவன். சோறு வைத்தால் முதலில் எல்லாத் தட்டையும் ஒரு சுற்று மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் தன் தட்டுக்கு வருவான், அதனால் அவனுக்குக் கணக்கப்பிள்ளை என்று பேர். ஒரு தையல்காரர் வளர்த்த நாய். அவருக்குக் கண் மங்கிப்போய் மகன் வந்து தன்னோடு அழைத்துப் போனான், நாய்க்கு அங்கே இடமில்லை. தையல்காரர் வாரம் தவறாமல் போன் செய்து சாப்பிட்டானா, சாப்பிட்டானா என்று கேட்பார். நீங்க எப்படி இருக்கீங்க என்று நான் கேட்டால், எனக்கென்ன, ராஜா மாதிரி வெச்சிருக்காங்க, பகல்ல பேசத்தான் ஆளில்ல என்பார். அதைச் சொல்லிவிட்டு அவராகவே சிரிப்பார். வயதான நாயை யார் கேட்கப்போகிறார்கள் என்று நாங்கள் கைகழுவியிருந்த நேரத்தில் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்து, எங்களுக்கும் வயசாச்சு, இவனே போதும் என்றார்கள். கடையும் வீடும் ஒன்றுதான், பகலெல்லாம் ஆள் இருக்கும், கடைவாசலில் வெயில் விழும். என் மனதுக்கு அப்படியே பிடித்துப்போனது.

எங்களிடம் இரண்டு வழக்கம் உண்டு. போகிற நாயோடு அது படுத்திருந்த போர்வையைத் துவைக்காமல் கூடவே அனுப்புவோம், நாற்றமடித்தாலும் சரி, புது வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே முகவரி அதுதான். இன்னொன்று, முதல் ஒரு மாதம் வெள்ளோட்டம். ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொண்டுவரலாம், யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. கணக்கப்பிள்ளை போன நான்காம் நாளே மருந்துக்கடைக்காரர் அவனைக் கொண்டுவந்துவிட்டார். கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம், படுப்பதில்லை, தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அந்த அம்மா வண்டியிலிருந்து இறங்கவேயில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதது. குறை சொல்லக் கூடாது என்ற சட்டத்தை மற்றவர்களுக்கு ஓதுகிற நானே, ஆசை இருந்தா போதாது, பொறுமையும் வேணும் என்று சுருக்கென்று சொல்லிவிட்டேன். அவர் போர்வையை நீட்டினார். வாங்கினேன், சோப்பு வாசனை தூக்கி அடித்தது. நீங்க துவைச்சீங்களா என்றால் இல்லை, நீங்க குடுத்தப்பவே இப்படித்தான் இருந்தது என்கிறார். பார்த்தால் எங்கள் டீச்சர் செய்த வேலை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் எங்களுக்கு உதவியாக வருகிறவர், சுத்தம் என்றால் உயிர். கிழவனுக்கு இந்த வயதில் ஒரு நல்ல இடம் அமைந்திருக்கிறதே, அழுக்குப் போர்வையோடு போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். வழியனுப்புகிறேன் என்று அவன் வாழ்ந்த வாழ்க்கையையே அலசிப் பிழிந்துவிட்டார்.

டீச்சர் இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, நானும் ஆறுதல் சொல்கிற நிலைமையில் இல்லை. அந்தப் போர்வையைத் திரும்பவும் கூண்டில் போட்டு, அவன் புரண்டு உருண்டு பழைய நாற்றத்துக்குக் கொண்டுவருகிறவரை காத்திருந்தோம். பிறகு நான் மருந்துக்கடைக்குப் போய், சொன்னது தப்புங்க, இன்னொரு தடவை பாருங்க என்று கேட்டேன். அவர் யோசித்தார், அந்த அம்மாதான் யோசிக்காமல் சரி என்றது. இந்தத் தடவையும் கதவருகில்தான் முதலில் நின்றான். நான் கடைக்கு எதிர்ப்புறம் வண்டியை நிறுத்திவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போர்வையை முகர்ந்தான், காலால் கலைத்தான், மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தான். மாதம் முடிந்துவிட்டது, இப்போது அலமாரி அலமாரியாக மேற்பார்வை பார்க்கிறானாம். தையல்காரர் போன் செய்தபோது இதைச் சொன்னேன். நல்லது, என்னை யாரும் ஒத்துவருதான்னு இப்படி ரெண்டு தடவை கேக்கல என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

பாப்பா, இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். உன் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஊருக்கெல்லாம் இப்படி ஒரு மகள் இருந்தால் போதும். ஆனால் நான் வீடு பார்க்கிறவன், கேட்டுத்தான் ஆக வேண்டும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? எனக்கென்று வைத்திருக்கிற அறையிலிருந்து தெரு தெரியுமா? நீங்கள் இருவரும் இருட்டியபின் வந்து, களைப்போடு அப்பா சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனால், அது உங்கள் தப்பு இல்லை, ஆனால் எனக்கு அன்றைய பேச்சு அவ்வளவுதானா? எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. இங்கேயும் என்னால் முடியவில்லை, நாளைக்கு வண்டியில் ஏறவே கால் வராமல் போகலாம். அம்மா போன பிறகு இந்த வீடும் பெரிதாகிவிட்டது. ஆனாலும் இருட்டிலும் சுவிட்ச் எங்கே என்று கைக்குத் தெரிகிற வீடு. அதனால் அந்தச் சரியைப் பாதி திருப்பி வாங்கிக்கொள்கிறேன். வருகிறேன், ஆனால் வெள்ளோட்டமாக வருகிறேன். அந்த ஒரு மாதம் முடிகிறவரை வீட்டை விற்கிற பேச்சை எடுக்காதே, தரகரிடம் வாயைத் திறக்காதே. கதவைப் பார்த்துக்கொண்டு நான் நின்றால் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடு, நீயும் அழக் கூடாது, மாப்பிள்ளையையும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். படுத்துத் தூங்கிவிட்டேனென்றால் அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். இருவரும் நூறாண்டு சேர்ந்து சிரித்துக்கொண்டு வாழ வேண்டும். மறக்காதே, எனக்காகப் புதுப் போர்வை எதுவும் வாங்கி வைக்காதே. என்னுடையதை நானே கொண்டுவருகிறேன், கொஞ்சம் நாறும். வந்த அன்றைக்கே மெஷினில் போட்டுவிடாதே.

வீடு பார்க்க வருகிற,
உன் அப்பா