இரண்டாவது பூட்டு

கோபித்துக்கொண்டு போன என் மனைவிக்கு,

நீ போன பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரின் பாதுகாப்பை இன்னும் இறுக்கிவிட்டேன். அதன் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். ரிப்பேர்காரர் சிரித்தார். "வீட்ல இருக்கறது ரெண்டே பேரு, இத்தனை பூட்டா சார்?" என்றார். இப்போது ஒருவர்தான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

உன் மெயிலுக்கு இரண்டாவது பூட்டு போட்டேனே, அந்த நாள் நினைவிருக்கிறதா? வேறு எங்கிருந்து திறந்தாலும் என் போன் சம்மதிக்க வேண்டும். "என் மெயிலைப் பாக்க உங்ககிட்ட எதுக்குங்க கேக்கணும்?" என்றாய். மறுநாள் உன் உதடு வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டதாக உன் அக்காவிடம் நீயேதானே சொன்னாய்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் போன் அடித்தது. புதிய கம்ப்யூட்டர் ஒன்றில் உன் மெயிலைத் திறக்கிறார்கள், அது நீங்களா என்று கேட்டது. மூன்று தடவை கேட்டது. எல்லாவற்றையும் யோசித்துக் கிளம்பியவள் இதை மட்டும் மறந்துவிட்டாய், பாவம். கேள்விக்குக் கீழே ஊர்ப் பெயரும் இருந்தது. அந்த ஊரில் உனக்குத் தெரிந்தவள் தையல் கடைக்காரி ஒருத்திதான்.

எனக்குக் கோபமே இல்லை. மூன்றாவது தடவை 'ஆம்' என்று அழுத்தினேன். நிம்மதியாகப் படித்திருப்பாய்.

இந்த உறையில் தபால்தலை இல்லாததைக் கவனித்திருப்பாய். கதவுக்கு அடியில் நான்தான் செருகினேன். திற, பேசலாம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்